நூற்றுக்குத் தங்க மூடி

அன்று இரண்டாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: தலைமையாசிரியை, வகுப்பு டீச்சர், மேசை நகர்த்தவும் கயிறு கட்டவும் வந்திருந்த டீச்சரின் அண்ணன், பெற்றோர் சங்கத் தலைவரான ஆணிக்கடைக்காரர், அவர் மனைவி, அவர்கள் மகள் குருவி, ஒரு லாரி டிரைவர், ஒரு தையல்காரம்மா, பிறகு வகுப்புப் பிள்ளைகள். பின்னால் ஊரில் பாதிப்பேர் தாங்களும் அங்கே நின்றதாகவும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவ்வளவு பேர் நிற்க அந்த அறையில் இடம் கிடையாது.

டீச்சருக்குப் பள்ளி கொடுத்தது ஒரு பெட்டி சாக்பீஸும் ஒரு டஸ்டரும். அதை வைத்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேறு யாராவது என்றால் பலகையில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள். அவள் வளர்ந்த வீடு வேறு மாதிரி. இல்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பது அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

கண்ணில் பட்டதையெல்லாம் பாடமாக்கினாள். ஜன்னலுக்கு ஜன்னல் கொடிக்கயிறு கட்டி, பழைய காலண்டரிலிருந்து கத்தரித்த எண்களைத் துணி கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டாள். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒன்றை உருவி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். காணாமல் போனது எது என்று முதலில் சொல்லும் பிள்ளைதான் அதைத் திரும்ப மாட்டலாம். அழிரப்பரைச் சதுரமாக நறுக்கிப் பேனாவால் புள்ளி வைத்தால் அது பகடை. தரையில் சாக்பீஸால் ஏணி வரைந்து, பகடையில் விழுந்ததைக் கூட்டிக் கூட்டிக் குதித்து ஏற வேண்டும். தப்பாகக் கூட்டினால் இறங்க வேண்டும். இறங்கும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் "சறுக்குமரம்! சறுக்குமரம்!" என்று கத்துவார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து, "இங்க என்ன பாடமா, கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்கு உயிர் என்றால் மூடி விளையாட்டுத்தான். வெள்ளை பாட்டில் மூடி ஒன்று. சிவப்பு மூடி பத்து. தங்க நிற மூடி நூறு. பத்து வெள்ளை சேர்ந்தால் 'பேங்க்'கில் கொடுத்து ஒரு சிவப்பு வாங்கலாம். பத்து சிவப்புக்கு ஒரு தங்கம். தண்ணீர் பாட்டில் மூடி தெருவெல்லாம் கிடந்தது. கூல்டிரிங்க் மூடி கடைக்காரர்களே வாரிக்கொடுத்தார்கள். தங்க நிறத்துக்குத்தான் திண்டாட்டமாகிவிட்டது. "வீட்டுல தங்கக் கலர் மூடி இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று வகுப்பில் சொல்லிவைத்தாள்.

கொண்டுவந்தது குருவி. பள்ளி திறந்த நாளிலிருந்து வாயைத் திறக்காத பிள்ளை அது. எதைக் கேட்டாலும் வாசல் பக்கம் பார்க்கும். யாராவது சத்தமாக நாற்காலியை இழுத்தால் போதும், தோளைக் குறுக்கிக்கொள்ளும். அதனால்தான் பிள்ளைகளே அதற்குக் குருவி என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை ஒரு கைக்குட்டை முடிச்சை மேசைமேல் வைத்து அவிழ்த்தது. உள்ளே தங்க மூடிகள், சோப்பு வாசனையோடு பளபளவென்று.

"ஏது குருவி இவ்வளவு?"

"எங்க வீட்டுப் பரண்ல இருக்கு டீச்சர். அம்மா கழுவிக் குடுத்தாங்க."

அவ்வளவு நீளமாகக் குருவி பேசி யாரும் கேட்டதில்லை. டீச்சருக்கு அந்த சந்தோஷத்தில் மூடியைப் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது. அது ஏன் என்று சொல்ல வேண்டும்.

அவள் அப்பா குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். குடி, சீட்டு, கைமாற்று மூன்றும் தன் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று வைத்திருந்தார், தாண்டவும் இல்லை. ஒருமுறை சொந்தச் சித்தப்பா மகன் வாடையோடு வந்து நின்றபோது, "தம்பி, நாளைக்கு வா" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர். அவர் பிள்ளைகள் இரண்டும் ஒரு மதுபாட்டிலை அருகில் வைத்துப் பார்த்ததுகூடக் கிடையாது. அதனால் குருவி கொடுத்த மூடிகள் அந்த வீட்டுக் கூடத்தில் மேசைமேல் கொட்டப்பட்டபோது, அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "நல்ல கனம். டானிக் பாட்டில் மூடியா இருக்கும்" என்றார். "அப்படித்தான் இருக்கும்பா" என்றான் அண்ணன். அதோடு பேச்சு முடிந்தது. அண்ணன் கோர்ட்டில் டைப்பிஸ்ட். வேலை விட்டு வந்ததும் துளைக் கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூடியிலும் கம்பி கோக்க ஓட்டை போட்டுக் கொடுத்தான். ஓரம் பிள்ளைகள் கையைக் கீறக்கூடாது என்று அரம் வைத்துத் தேய்த்தும் கொடுத்தான்.

பெரியவர்கள் மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லையா என்று இன்று கேட்கிறார்கள். தெரியவில்லை. அதை நம்ப முடியாதவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

குருவி தொடர்ந்து கொண்டுவந்தது. தங்கம் கொண்டுவரும் பிள்ளையே பேங்க்காக இருக்கட்டும் என்று மற்ற பிள்ளைகள் முடிவு செய்தார்கள். கவிழ்த்துப்போட்ட அட்டைப்பெட்டிதான் கவுன்ட்டர். பேங்க்கில் உட்கார்ந்ததும் குருவியின் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"பத்து இருக்கா? எண்ணிக் காட்டு."

"இருக்கு குருவி, சத்தியமா."

"சத்தியம்லாம் பேங்க்ல செல்லாது. எண்ணு."

ஒருநாள் டீச்சரே ஒன்பது சிவப்பைக் கொடுத்து ஒரு தங்கம் கேட்டாள். குருவி எண்ணிப் பார்த்துவிட்டு, மூடிகளை அவள் பக்கமே தள்ளியது. "ஒண்ணு குறையுது டீச்சர். கொண்டுட்டு வாங்க, தர்றேன்." டீச்சர் அன்று வீட்டுக்குப் போய் அதையே நாலு தடவை சொல்லிச் சிரித்தாள். குருவி இப்போது கையும் தூக்கியது. கேள்வி முடிவதற்குள் தூக்கியது. தெரியாத கேள்விக்கும் தூக்கியது.

இப்படி இருக்கும்போதுதான் பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள் வந்தது.

அண்ணனுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புதுச் சட்டை போட்டு, அரைநாள் லீவு எடுத்துத் தங்கைக்கு ஒத்தாசையாக வந்திருந்தான். தலைமையாசிரியை கொடிக்கயிற்றையும் தரை ஏணியையும் பார்த்துக்கொண்டே வந்து, கம்பியில் கோத்த மூடிச் சரங்களுக்கு முன்னால் நின்றார்.

"இதுக்கெல்லாம் செலவு யாரு பண்ணது?"

"செலவே இல்ல மேடம்" என்று முந்திக்கொண்டான் அண்ணன். பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "எல்லாம் வீட்டுலேயே பண்ணது. தினம் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் நான் உக்காந்துடுவேன். எங்கப்பாவும் சேந்துக்குவார்."

அந்த நேரம் லாரி டிரைவர் பேங்க் கவுன்ட்டர் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். "பாப்பா, முந்நூத்தி நாப்பத்திரண்டு குடு பாக்கலாம்."

குருவி யோசிக்கவே இல்லை. மூன்று தங்கம், நான்கு சிவப்பு, இரண்டு வெள்ளை. டிரைவர் ஒரு தங்க மூடியைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பழக்கதோஷத்தில் மூக்குக்கும் கொண்டுபோனார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"டீச்சர், இதுவா நூறு?"

"ஆமாங்க, நூறு."

"ரொம்பக் கொறச்சுப் போட்டுட்டீங்களே டீச்சர்."

"என்னாச்சுண்ணே?" என்று கிட்டே வந்தார் தையல்காரம்மா. டிரைவர் அவர் காதில் ஏதோ சொன்னார். தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"சார்" என்றார் டிரைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தினம் சாயங்காலம்னீங்க இல்ல? அப்பாவும் சேந்துக்குவாரா?"

"சில நாள்" என்றான் அண்ணன், ஒன்றும் புரியாமல். "அவருக்குக் கை நடுங்கும். ரொம்ப முடியாது."

டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சிரிக்கற மாதிரி என்ன இருக்கு இதுல?" என்று கடுகடுத்தார் தலைமையாசிரியை.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இது சரக்கு பாட்டில் மூடி. இருக்கற தங்கம் எல்லாம் ஒரே ரகம். அதுவும் சாதா சரக்கு இல்ல, ஒசந்தது."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலோரம் நின்றிருந்த குருவியின் அப்பா ஆணிக்கடைக்காரர் நடந்து வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. சங்கக் கூட்டங்களில் ஒழுக்கம் பற்றிப் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது. சரத்திலிருந்து ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தார். பார்வை மனைவி பக்கம் போய்விட்டுத் திரும்பியது. அதன் பிறகுதான் குரல் ஓங்கியது.

"பிள்ளைங்க கையில குடுக்கற பொருளா இது? இத்தனையும் ஒரே வீட்டுலேருந்துதான் வந்திருக்கு. எந்த வீடு அது? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தாள். அந்தப் பெண் மெல்ல ஓரடி நகர்ந்து, கணவனுக்கும் குருவிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. பரணில் இருந்ததும், அம்மா கழுவிக் கொடுத்ததும், சத்தம் கேட்டால் தோளைக் குறுக்கும் பிள்ளையும் டீச்சருக்கு அப்போதுதான் ஒன்று சேர்ந்தன. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக, அந்தத் தாய் ஒளித்து வைக்க வேண்டியதை எடுத்துக் கழுவி அனுப்பியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவை யார் கண்ணில் படப்போகின்றன என்று நினைத்திருப்பாள்.

குருவி கையைத் தூக்கியது.

கேள்வி கேட்டவர் அப்பா என்பதெல்லாம் அதற்கு உறைக்கவில்லை. வகுப்பில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது, தனக்குப் பதில் தெரியும், அவ்வளவுதான். அம்மாவின் பின்னாலிருந்து அந்தக் கை மட்டும் நேராக மேலே நின்றது.

"கையை இறக்கு குருவி" என்றாள் டீச்சர்.

"டீச்சர், எனக்குத் தெரியும்!"

"இறக்குன்னு சொன்னேன்."

அந்தக் குரலில் அவள் எந்தப் பிள்ளையிடமும் பேசியதில்லை. கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"சேத்தது நான்" என்றாள் டீச்சர் தலைமையாசிரியையிடம். "பொறுப்பு என்னோடது."

"எங்கேருந்து சேத்தீங்க? அதைச் சொல்லுங்க" என்றார் ஆணிக்கடைக்காரர்.

"சேத்தது நான்."

"ஏய், என்ன பேசறே நீ?" என்று பதறினான் அண்ணன். "யாரோ ஒரு பிள்ளை குடுக்குதுன்னு நீதானே…"

"அண்ணா, அந்தக் கயித்தை அவுத்துடு. நேரமாச்சு."

அண்ணன் கயிற்றை அவிழ்க்கப் போனான். ஆணிக்கடைக்காரர் டீச்சரை நேராகப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று மாலை விளக்கு வைப்பதற்கு முன்பே சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. கண், காது, மூக்கு எல்லாம் வைத்து வந்தது. அப்பா மகளை உட்காரச் சொன்னார். அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அப்பா எழுந்து போய், வெளியே போகும்போது மட்டும் போடுகிற சட்டையை எடுத்துப் போட்டார். கை நடுக்கத்தோடு ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார்.

"எங்கப்பா கிளம்பறீங்க?"

"அந்த ஆள் கடைக்கு. நாலு பேர் நிக்கற நேரம் பாத்து, வாசல்ல நின்னு கேக்கப்போறேன். நம்ம வீட்டுப் பேரை இழுக்க அவனுக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு."

"கேளுங்க. அவர் தலை குனிஞ்சு நிப்பார். அப்புறம் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போவார் இல்லப்பா?"

அப்பா அடுத்த பொத்தானை மாட்டினார்.

"வீட்டுல அந்தப் பொண்ணும் பிள்ளையும் இருக்காங்கப்பா."

மேல் பொத்தானைப் பிடித்த விரல்கள் அப்படியே நின்றன. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. வெளியே போகப் புறப்பட்ட மாதிரியே, செருப்போடு, கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தன் வாழ்நாளில் யாருக்கும் ஒரு வார்த்தை பாக்கி வைக்காத மனிதர். இந்த ஒன்றை மென்று விழுங்க வேண்டியதாயிற்று.

"போலீஸ் இருக்கு, எல்லாம் இருக்கு" என்றான் அண்ணன்.

"நான் போய்க் கேட்டேன் அண்ணா. வர்ற வழியிலேயே போனேன். அடிபட்டவங்க வந்து சொன்னாத்தான் பாக்க முடியுமாம். அவங்க எப்படி வந்து சொல்லுவாங்க?"

மறுநாள் பெண் வீட்டாரிடமிருந்து போன் வந்தது. பெண்ணின் மாமா பேசினார். மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. ஜாதகம், தேதி என்றெல்லாம் சப்பைக்கட்டுக் கட்டாமல், "காதுல விழுந்தது, யோசிக்க வேண்டியிருக்கு" என்றார். அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டே தங்கையைப் பார்த்தான். ஒரு வார்த்தை. யாருடைய வீட்டு மூடி என்கிற ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கையைக் கூப்பவில்லை, கெஞ்சவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். "யோசிங்க சார்" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். அதற்குப் பிறகு அந்த மாமா கூப்பிடவில்லை.

பள்ளியில் தலைமையாசிரியை கெட்டவரில்லை. "எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா, பதில் சொல்லணும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூடிகளையெல்லாம் குப்பை வண்டியில் போடச் சொன்னார். தங்கத்தோடு வெள்ளையும் சிவப்பும் சேர்ந்துதான் போயின. கொடிக்கயிறு போயிற்று. ஏணியைத் துடைத்துவிட்டார்கள். இனி அச்சடித்த பயிற்சிப் புத்தகம் மட்டும் போதும் என்றார்கள். பிள்ளைகள் கட்டத்துக்குள் எண்களை எழுதினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "அப்பாடா, இப்பத்தான் வகுப்பு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "டீச்சர், பேங்க் எப்போ தொறக்கும்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். டீச்சர் தெருவில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கல்லை யாரும் குறை சொல்ல முடியாது. பெரிய கல் நூறு, நடுக்கல் பத்து, பொடிக்கல் ஒன்று. குருவியைக் கூப்பிட்டு, "நீதான் பேங்க்" என்றாள். குருவி வந்து உட்கார்ந்தது. எட்டுக் கல்லைக் கொடுத்து ஒரு நடுக்கல் கேட்டான் ஒரு பையன். எண்ணாமல் எடுத்துக் கொடுத்துவிட்டது.

"குருவி, எண்ணிப் பாத்தியா?"

குருவி வாசல் பக்கம் பார்த்தது.

அடுத்த நாளும் அப்படித்தான். டீச்சர் சுலபமான கேள்வியாகத் தேடித் தேடிக் கேட்டாள். "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெஞ்சையே பார்ப்பாள். இரண்டு கையும் பெஞ்சுக்கு அடியில், முட்டிக்கு நடுவில் இருக்கும். அப்பாவுக்குப் பயந்து அது கையை மடக்கியிருந்தால்கூட டீச்சர் பொறுத்துக்கொண்டிருப்பாள். மடக்கச் சொன்னது அவள். "அன்னிக்கு டீச்சர் கோவமா சொன்னது உன்மேல இல்லம்மா" என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். பிறகு யார்மேல் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அதனால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று.

குருவியின் அம்மா ஒரே ஒருமுறை பள்ளி கேட்டில் எதிர்ப்பட்டாள். பிள்ளைகள் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இருவரும் நின்றார்கள்.

"வீட்டுல எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

"இப்பல்லாம் மூடியை அவரே எடுத்து வெச்சுக்கறார் டீச்சர்" என்றாள் அவள்.

"எங்கிட்ட வாங்க. எப்ப வேணும்னாலும். எங்க வீடு தெரியும் இல்ல? அண்ணன் கோர்ட்டுலதான் இருக்கார், வக்கீல்களை எல்லாம் அவருக்குத் தெரியும்."

"உங்க வீட்டுக்கா?" என்று அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "உங்க வீட்டுக்கு வந்தாத்தான் இப்ப எல்லாரும் பாப்பாங்களே."

அவள் குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குருவி திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரு திருப்பத்தில் அவர்கள் மறையும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய், பயிற்சிப் புத்தகங்களை அடுக்கிவைத்தாள். மேசை இழுப்பறையின் மூலையில் ஒரு தங்க மூடி மாட்டிக்கொண்டிருந்தது. குப்பை வண்டிக்குத் தப்பியது. ஓட்டை நேர்த்தியாக நடுவில் இருந்தது, ஓரம் வழவழப்பாக இருந்தது. எடுத்து எறியவும் அவளுக்கு மனம் வரவில்லை, வெளியே வைக்கவும் வழியில்லை. இழுப்பறையை மூடினாள்.

டீச்சரின் அண்ணன் குடிப்பவன், அந்த மூடிகள் அவன் குடித்துத் தீர்த்த பாட்டில்களுடையவை என்று ஊரில் இன்றும் பேச்சு இருக்கிறது. அது பொய். அவன் குடித்ததில்லை. அந்த வீட்டில் யாரும் குடித்ததில்லை. அவன் செய்தது மூடிகளில் ஓட்டை போட்டது மட்டும்தான்.